ஒரு சாண் சாம்பல்

நேயர்களே, வணக்கம்.

நகரத்துக் காற்றைச் சுத்தப்படுத்த ஒரு துறை, கார்பன் உமிழ்வைக் குறைக்க வேறொரு துறை என்று இரண்டு கோப்புகள் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இரண்டும் கிளம்புகிற இடம் பல நேரங்களில் ஒன்றேதான். டெல்லியைச் சுற்றியும் டாக்காவைச் சுற்றியும் உள்ள செங்கல் சூளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜஜ்ஜரில் உள்ள சூளை ஹரியானாவுக்கு உட்பட்டது, பாக்பத்தில் உள்ளது உத்தரப் பிரதேசத்துக்கு. டெல்லி மாநில அரசு போடுகிற விதி இவற்றுக்குச் செல்லாது. புகை மட்டும் டெல்லிக்கு வந்துவிடும். ஆகவே வட்டாரம் முழுவதற்கும் சேர்த்துத்தான் இதற்கு வழி தேட வேண்டும்.

பழைய சூளையின் வடிவம் 1876இல் புல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காப்புரிமை பெற்றது. கல் அடுக்கிய இடத்திலேயே இருக்கும். நெருப்புதான் சுற்றி வரும். கல் வரிசைகளுக்கு நடுவே காற்று நேர்கோட்டில் ஓடிவிடும். இரண்டு பேர் பெரிய கரண்டியால் மடமடவென்று நிலக்கரியைக் கொட்டிவிட்டு அரை மணி நேரம் ஓய்வார்கள். கொட்டிய கரி முழுக்க எரியக் காற்று போதாது. அந்த நேரத்தில் புகைபோக்கியைப் பார்த்தால் கறுப்பாகக் கக்கும்.

அந்தக் கறுப்பு என்பது எரியாமல் போன கரி, அதாவது சூளைக்காரரின் காசு. கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாகப் போனால், கிடைக்க வேண்டிய சூட்டில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. அந்தக் குறையை ஈடுகட்ட இன்னும் கரி போடுகிறார்கள். நுரையீரலுக்குப் போகும் துகளும் கூடுகிறது, வானத்துக்குப் போகும் கார்பனும் கூடுகிறது.

ஜிக்ஜாக் முறையில் கல்லை அறை அறையாக அடுக்கி, ஓர் அறைக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வழி விடுவார்கள். காற்று வளைந்து வளைந்து போவதால் கரியோடு நன்றாகக் கலக்கிறது, கல்லோடு அதிக நேரம் உறவாடிச் சூட்டைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. சரியாக ஓட்டினால் நிலக்கரி ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்; துகள் அதைவிட அதிகமாகக் குறையும். 2022 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட விதி, இந்த முறைக்கோ, கல் மேலிருந்து கீழிறங்கி வேகும் செங்குத்துச் சூளைக்கோ, குழாய் எரிவாயுவுக்கோ மாறச் சொல்கிறது. புகையில் ஒரு கன மீட்டருக்கு 250 மில்லிகிராம் துகள்தான் உச்ச வரம்பு.

"சரியாக ஓட்டினால்" என்றேன். சிக்கலே அங்கேதான். சூளையை இடித்துக் கட்டிவிட்டு, வேலையைப் பழையபடியே செய்கிறவர்கள் ஏராளம். சுவரோரம் இடைவெளி விட்டு அடுக்கினால் காற்று வளையாமல் ஓரமாகவே நழுவிவிடும். அப்புறம் காற்றை இழுக்கும் விசிறி எவ்வளவு இழுத்தும் பயனில்லை. மேலே மூடும் சாம்பல் ஒரு சாண் கனமாவது இருக்க வேண்டும். நாலு விரல் கனத்தோடு விட்டால் மேல்வரிசைக் கல் வேகாது. கல் ஏற்றி இறக்கும் வாசலை ஒற்றைச் சுவரால் அடைத்தால் குளிர்காற்று உள்ளே புகுந்து நெருப்பைத் தணிக்கும். இரட்டைச் சுவர் எழுப்பி நடுவில் சாம்பல் நிரப்பி, வெளியே சேறு பூசுவதுதான் சரி. கரியை நொறுக்கி, சின்னக் கரண்டியால், ஒரே ஆள் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்.

வங்கதேசத்தில் ஏற்கெனவே ஜிக்ஜாக்காக மாறியிருந்த சூளைகளில் இந்தப் பழக்கங்களை மட்டும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2025இல் முடிவு வெளியானது. கடைப்பிடித்த சூளைகளில் எரிபொருள் 23 விழுக்காடு குறைந்தது. புதிய இயந்திரம் எதுவும் வாங்காமலே கிடைத்த பலன் இது!

ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டும் வழிகளும் உண்டு. கரி மிச்சம் என்று பழைய டயரைச் சூளையில் போடுவது அப்படித்தான். கரிச்செலவு குறையும், காற்று நஞ்சாகும். ஐரோப்பா கார்பனைக் குறைக்க டீசல் காரை ஊக்குவித்து, நகரங்களில் நைட்ரஜன் ஆக்சைடைக் கூட்டிக்கொண்டது. எந்தத் திட்டத்துக்கும் இரண்டு கணக்கையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்த பிறகே பணம் ஒதுக்க வேண்டும்.

சூளையில் கல் அடுக்குகிறவருக்குக் கூலி பெரும்பாலும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான். ஜிக்ஜாக் அடுக்குக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். கூலி ஏறாவிட்டால் அவர் ஏன் பார்த்துப் பார்த்து அடுக்க வேண்டும்? மிச்சமாகும் கரிக் காசில் ஒரு பங்கை உரிமையாளர் அவருக்குக் கொடுக்கட்டும். ஆய்வுக்குப் போகும் அதிகாரியும் கட்டடத்தைப் பார்த்ததோடு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிடாமல், கரி போடும் நேரத்தில் போய் நின்று புகையின் நிறத்தைப் பார்க்கட்டும்.

வணக்கம்.