மைனர் லீக் ஸ்கோரை நம்பலாமா? நேயர் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி, பேஸ்பால் பற்றியது. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “பால்டிமோர் ஓரியோல்ஸ்தான் என் டீம். ஜாக்சன் ஹாலிடே கீழே மைனர் லீக்கில் அடித்த அடியைப் பார்த்துவிட்டு, 2024 ஏப்ரலில் அவர் மேலே மேஜர் லீக்குக்கு வந்தபோது லீவு போட்டு மேட்ச் பார்த்தேன். பத்து ஆட்டத்தில் இரண்டே ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டுவது). திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் மைனர் லீக் எண்களைப் பார்ப்பதே வீண்தானா? கீழே இருக்கிற பையன்களை எப்படித்தான் கவனிப்பது?”

முதலில் அந்த லீவுக்கு என் அனுதாபங்கள். நானும் அந்த வாரம் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

எண்கள் வீண் இல்லை. ஆனால் எந்த எண் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம்மில் பலர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் மைனர் லீக்கை, அதாவது மேஜர் லீக் கிளப்புகள் தங்கள் ஆட்டக்காரர்களைப் பழக்கும் கீழ்ப் படிகளை, ரஞ்சிக் கோப்பை மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ரஞ்சியில் தமிழ்நாடு ஜெயிக்கத்தான் ஆடுகிறது. இங்கே நார்ஃபோக் டீம் தோற்றால் பால்டிமோரில் யாருக்கும் தூக்கம் கெடாது. ஹாலிடே ஏறி வந்தபோது ஓரியோல்ஸுக்குக் கீழே டெல்மார்வா, ஆபர்டீன், பூயி, நார்ஃபோக் என்று, கீழிருந்து மேலாக, நாலு படிகள் இருந்தன. பூயிக்கு 2025-லிருந்து செசபீக் என்று பெயர், என் வாய்க்கு இன்னும் பூயிதான் வருகிறது. இந்த ஊர்களில் டிக்கெட், ஹாட் டாக், வெள்ளிக்கிழமை வாணவேடிக்கை எல்லாம் உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது பால்டிமோர். யார் எத்தனை பந்து வீச வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். ஒரு ஹிட்கூடக் கொடுக்காத பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, ஐந்தாவது இன்னிங்ஸில் வெளியே கூப்பிட்டுவிடுவார்கள், அன்றைய அளவு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். “புதிதாகப் பழகிய சேஞ்ச்அப்பை (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) இன்றைக்கு நிறையப் போடு” என்று சொல்லி இறக்கியிருப்பார்கள். அவர் அடி வாங்குவார், ஸ்கோரில் ஐந்து ரன் போயிருக்கும், நாம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு “இவன் தேறமாட்டான்” என்போம். இது நாற்றங்கால். இங்கே யாரும் நெல் மூட்டையை எண்ணுவதில்லை.

அப்புறம் எதைத்தான் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது வயது. இருபத்தைந்து வயதுக்காரர் ஆபர்டீனில் .320 சராசரியில், அதாவது ஆயிரம் முயற்சிக்கு 320 ஹிட் என்ற கணக்கில், அடித்தால் சந்தோஷம்தான், ஆனால் அது பிளஸ் டூ பையன் எட்டாம் வகுப்புக் கணக்கில் நூறு வாங்கியது போல. ஹாலிடே 2023-ல் பத்தொன்பது வயதில், ஒரே சீசனில், அந்த நாலு படியையும் ஏறி மொத்தத்தில் .323 அடித்தார். மூன்றாவது படியான பூயியில் சாதாரணமாக ஆடுகிறவர்களுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். அதனால் அவரைப் பார்த்து நீங்கள் பரபரப்பானதில் தப்பே இல்லை.

இரண்டாவது, ஸ்டிரைக் அவுட்டும் வாக்கும். மூன்று ஸ்டிரைக் ஆகி அவுட்டாவது ஸ்டிரைக் அவுட். ‘பால்’ எனப்படும் தவறான பந்துகள் நாலை அடிக்காமல் விட்டு, முதல் பேஸுக்கு நடந்துபோவது வாக்; அது ஹிட் கணக்கில் வராது. பேட்டிங் சராசரியில் அதிர்ஷ்டம் நிறையக் கலந்திருக்கிறது. அமோகமாக அடித்த பந்து நேரே ஃபீல்டர் கைக்குப் போகும், மட்டையின் நுனியில் பட்டது ஹிட் ஆகும். எந்தப் பந்தை அடிப்பது, எதை விடுவது என்பதில் அந்த அளவுக்கு அதிர்ஷ்டம் கிடையாது. ஓரியோல்ஸின் கன்னர் ஹெண்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் ஆபர்டீனில் .230, ஏகப்பட்ட ஸ்டிரைக் அவுட். பலருக்கு நம்பிக்கை குறைந்தது. அடுத்த வருடம் பூயியில் அவர் வாங்கிய வாக், ஸ்டிரைக் அவுட்டைவிட அதிகம்! அந்த ஒரு மாற்றத்தைக் கவனித்தவர்களுக்கு மீதியெல்லாம் ஆச்சரியமாக இருந்திருக்காது. அந்த ஆகஸ்ட் கடைசியிலேயே மேஜர் லீக்கில் ஆடினார், 2023-ல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம்.

ஊரையும் பாருங்கள். மைனர் லீக் டீம் ஒன்று இருக்கிற ஆல்புகர்க்கி கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேல், காற்று லேசு, பந்து பறக்கும். அங்கே அடித்த ஹோம் ரன்னை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, ஹாலிடேக்கு என்னதான் ஆயிற்று? முப்பத்துநாலு முயற்சிக்கு இரண்டு ஹிட், பதினெட்டு ஸ்டிரைக் அவுட். என் கணிப்பைச் சொல்கிறேன். டிரிபிள்-ஏ என்கிற கடைசிப் படியில் நீங்கள் சந்திக்கும் பிட்சர்கள் பெரும்பாலும் ஏதோ ஒன்று குறைந்தவர்கள். வேகம் இருக்கும், குறி இருக்காது. குறி இருக்கும், வளைவு இருக்காது. மூன்றும் சேர்ந்திருந்தால் அவரை எப்போதோ மேலே கூப்பிட்டிருப்பார்கள். நார்ஃபோக்கிலிருந்து பால்டிமோருக்குக் காரில் நாலு மணி நேரம்தான். ஆனால் 2023 கணக்கில் டிரிபிள்-ஏ குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 35,800 டாலர், மேஜர் லீக்கில் 7,20,000. அந்த இருபது மடங்கு இடைவெளி பந்துவீச்சிலும் தெரியும். இருபது வயதுப் பையன் அதில் திணறினார், திரும்பிப் போனார், ஜூலை 31 அன்று மறுபடி வந்தபோது அவருடைய முதல் ஹோம் ரன்னே கிராண்ட் ஸ்லாம், மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடித்து நாலு ரன் தருவது. நாம்தான் அவசரப்பட்டுக் கல்யாணத் தேதி குறித்துவிட்டோம்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. நாம் வருடக்கணக்கில் பின்தொடர்ந்த பையன் கிளப்புக்குக் கைமாற்றும் சரக்காகவும் இருப்பான். 2024 பிப்ரவரியில் ஜோயி ஒர்ட்டீஸையும் டி.எல். ஹாலையும், கூடவே ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் (புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முறை) மில்வாக்கிக்குக் கொடுத்துவிட்டு, பிட்சர் கார்பின் பர்ன்ஸை ஓரியோல்ஸ் வாங்கினார்கள். பர்ன்ஸ் ஒரே சீசன் ஆடிவிட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டார். ஆபர்டீன் காலத்திலிருந்து ஒர்ட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

எப்படிக் கவனிப்பது என்று கேட்டீர்களே. மைனர் லீக்கில் ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. ஒரே வாரத்தில் இரண்டு நாள் போங்கள். பூயியில் நான் அப்படித்தான் ஒரு பையனைப் பார்த்தேன். அடிப்பவர் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, பக்கத்தில் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னோடு ஒருவர். செவ்வாய்க்கிழமை எட்டாவது இன்னிங்ஸ், மாற்றாக இறங்கிய பிட்சர் ஒருவர் ஸ்லைடர் என்கிற வளையும் பந்தைக் கீழே விழவிட, பையன் மூன்று முறையும் காற்றைத்தான் வெட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு தலைகுனிந்து போனான். சனிக்கிழமை அதே பிட்சர், அதே ஸ்லைடர். முதல் பந்துக்கு மட்டை பாதி வந்து நின்றது. அடுத்ததற்கு அசையவே இல்லை. நேர்ப் பந்து இரண்டை ஃபவுல் செய்தான், அதாவது எல்லைக் கோட்டுக்கு வெளியே அடித்தான். மறுபடி ஸ்லைடர், விட்டான். மறுபடி, விட்டான். நாலாவது பால், முதல் பேஸுக்கு நடந்தான். பக்கத்திலிருந்தவர் ரேடார் கன்னை மடியில் வைத்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார்.

வீட்டுக்கு வந்து ஸ்கோரைப் பார்த்தேன். அன்று அவன் பெயருக்கு எதிரே ஹிட் என்ற இடத்தில் பூஜ்யம்தான் இருந்தது.