பழைய லாரிக்குப் புது ஸ்பீக்கர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். லாரி ஓட்டிக்கொண்டே இந்த உரையைக் கேட்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். நான் பேசுவது உங்கள் காதில் ஒழுங்காக விழுகிறதா என்பதே எனக்குச் சந்தேகம். அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்துப் பழைய லாரிகள் பல, வெறும் சேஸிஸாக வாங்கி வந்து, பட்டறையில் மரமும் தகடும் வைத்து கேபின் கட்டப்பட்டவை. ஸ்பீக்கருக்கென்று அதில் இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். உரிமையாளர் ஐயாயிரம் ரூபாயை எடுத்து நீட்டி, "நல்ல ஸ்பீக்கராகப் போட்டுக் கொடுங்கள்" என்பார். ஸ்பீக்கரைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் நான் எப்போதும் சொல்லும் பதில்.

முதலில் மின்சாரம். லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். கடையில் கிடைக்கும் கார் செட், அதாவது வண்டியில் ரேடியோவும் பாட்டும் போடும் பெட்டி, 12 வோல்ட்டுக்கு உரியது. அதனால் பலர் இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு வயரை இழுத்து செட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். செட் பாடும், பேட்டரிதான் அழும். எர்த் பக்கத்துப் பேட்டரி, அதாவது மைனஸ் முனை வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்கும் பேட்டரி, மட்டும் தனியாகச் செலவாகிக்கொண்டே போகும். ஆனால் டைனமோவிலிருந்து வரும் சார்ஜ் இரண்டின் வழியாகவும் ஒரே அளவில்தான் ஓடும். ஒன்று ஒருபோதும் நிறையாது. மற்றது அளவுக்கு மீறி நிறைந்து தண்ணீரைக் குடிக்கும். உங்கள் வண்டியில் ஒரு பேட்டரிக்கு மட்டும் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தால், நடுவில் வயர் ஏதும் போகிறதா என்று பாருங்கள். 24-லிருந்து 12-க்கு இறக்கித் தரும் கன்வர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸும் கட்டாயம். இதில் மிச்சம் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

அடுத்து, ஸ்பீக்கரைப் பொருத்தும் பலகை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் கனமான ஒலிகள் அடிபட்டுப்போகும். வண்டி கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் ஸ்பீக்கர் கீச்சென்று கத்துவது இதனால்தான். கண்ணாடிக்கு மேலே உள்ள தட்டில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையை வைத்து, ஸ்பீக்கர் அளவுக்கு வட்டமாக அறுத்து, விளிம்பில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டித் திருகுங்கள். பலகையின் பின்புறம் இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்; தகடு 'கடகட' என்றால் அங்கே இன்னொரு திருகு தேவை. பழைய ஸ்பீக்கர்கூட இந்த ஒரு வேலையில் ஆள் மாறிவிடும்.

இனி ஸ்பீக்கர். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 50 வாட் என்று எழுதிய சாதாரண செட்டும் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுப்பது ஏறத்தாழ 15, 20 வாட்தான். கொடுக்கும் மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போடும் என்று சொல்லும் டெசிபல் கணக்கு ஒன்று சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். 88-க்குப் பதில் 91 உள்ளதை வாங்கினால் அதே சத்தத்துக்குப் பாதி மின்சாரம் போதும். கூம்பின் விளிம்பு ஃபோமாக இல்லாமல் ரப்பராக இருப்பது நம் வெயிலுக்குத் தாங்கும். ஆறு அங்குலத்தில் ஒரு ஜோடி போதுமானது. தாழ்ந்த ஒலிக்கென்றே தனியாக வைக்கும் குழாய் வடிவ ஸ்பீக்கரான பாஸ் டியூப் வேண்டாம் என்பது என் கட்சி. ஜன்னல் திறந்த கேபினில் எஞ்சின் உறுமலே தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். தெளிவாகக் கேட்க வேண்டியது குரல்தான். பின்னால் வருபவரின் ஹாரனும் காதில் விழ வேண்டும் அல்லவா?

இரண்டு ஸ்பீக்கரையும் பிளஸ், மைனஸ் மாறாமல் இணைக்க வேண்டும். குறி அழிந்துபோயிருந்தால் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் செல்லை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒன்று மாறினாலும் பாட்டில் கனம் இருக்காது.

எல்லாம் முடிந்தபின், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு 'ஙொய்' சத்தம் ஏறினால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். முதலில் எர்த்தைப் பாருங்கள். பெயிண்ட் மேலேயே திருகியிருப்பார்கள். தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, செட்டின் எர்த்தையும் கன்வர்ட்டரின் எர்த்தையும் ஒரே இடத்தில் சேர்த்து முடுக்குங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். வணக்கம்.