கீரைச் சாற்றில் ஒரு சிவப்பு ஒளி

நேயர்களுக்கு வணக்கம்.

வேதியியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நிறமாலையியலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பொருளை அறியும் பாடத்தை, நான் சூத்திரத்தில் தொடங்குவதில்லை, ஒரு கைப்பிடிக் கீரையில் தொடங்குவேன். முருங்கைக்கீரையே போதும். நசுக்கி, மருந்துக் கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் கரும்பச்சைச் சாறு கிடைக்கும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம், ஸ்பிரிட் தீப்பிடிக்கும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்துப் பாருங்கள். பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும். எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது சலிக்கவில்லை.

பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்றாக உறிஞ்சும். பச்சையை அவ்வளவாகத் தொடாது, இலை பச்சையாகத் தெரிவது அதனால்தான். உறிஞ்சிய ஆற்றலில் கொஞ்சம் மூலக்கூறின் அதிர்வுகளில் வெப்பமாகிவிடும். மிச்சத்தைச் சில நானோ வினாடிகளில் ஒளியாக உமிழும். வாங்கியதைவிட ஆற்றல் குறைவு, ஆகவே அலைநீளம் அதிகம், நிறம் சிவப்பு.

"செடியில் இருக்கும் இலை ஏன் ஒளிர்வதில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதுவும் ஒளிர்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. உயிருள்ள இலையில் ஆற்றலின் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்கும் வெப்பத்துக்கும் போய்விடும். நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் ஒளியாகத் திரும்பும். நசுக்கிய சாற்றில் ஒளிச்சேர்க்கை நின்றுபோவதால் ஒளிர்வு கூடிவிடுகிறது.

அந்த ஒன்றிரண்டு பங்கை இன்று வானத்திலிருந்து அளக்கிறார்கள். 2014 ஜூலையில் நாசா ஏவிய ஓசிஓ-2 செயற்கைக்கோளின் முதல் வேலை கரியமில வாயுவை அளப்பது. தரையில் பட்டுத் திரும்பும் வெயிலில் 1.61, 2.06 மைக்ரோமீட்டர் அலைநீளங்களை ஒட்டி எவ்வளவு ஒளி குறைந்திருக்கிறது என்று பார்க்கும். குறைந்தது கரியமில வாயு உறிஞ்சியது. ஆக்சிஜன் உறிஞ்சுவதைப் பார்க்க 0.76 மைக்ரோமீட்டரிலும் அளக்கும். பச்சையத்தின் உமிழ்வும் அந்த அலைநீளத்தை எட்டுகிறது.

ஆனால் அத்தனை வெயிலுக்கு நடுவே இலையின் மெல்லிய ஒளியைப் பிரித்தெடுப்பது எப்படி? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சூரிய நிறமாலையில் மெல்லிய கருங்கோடுகள் உண்டு. 1814 வாக்கில் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரான்ஹோஃபர் அவற்றை வரைந்து குறித்தார். சூரியனின் வெளியடுக்கில் உள்ள அணுக்கள் உறிஞ்சியதால் விழுந்த கோடுகள் அவை. இலையின் ஒளியில் அந்தக் கோடுகள் இல்லை. ஆகவே காட்டின்மேல் பார்க்கும்போது கோடுகளின் கருமை ஒரு துளி குறைகிறது. அந்த ஒரு துளிதான் இலையின் ஒளி. ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோள் அளவீடுகளிலிருந்து, இதே வழியில் 2011இல் உலகம் முழுமைக்கும் வரைபடம் போட்டார்கள்.

மழை பொய்த்த வயலில் பயிர் ஒளிச்சேர்க்கையைக் குறைத்து, வெயிலின் ஆற்றலைக் கூடுதலாக வெப்பமாக்கி வெளியேற்றும். ஒளிர்வும் தாழும். சில வேளைகளில் இது நடக்கும்போது இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். வரப்பில் நிற்பவருக்கு வாட்டம் தெரியத் தொடங்கியிருக்காது.