பெரம்பூர் மாடியில திராட்சை கவாத்து: மினசோட்டாவுல தம்பி ஏன் இன்னும் கத்திரிய எடுக்கல?

வணக்கம் மக்களே. காலைல ஏழரை மணி. மாடியில பந்தலுக்குக் கீழ நிக்கறேன். மார்கழி மாசம், கம்பியில கை வெச்சா லேசா ஈரம் ஒட்டுது பாருங்க, பெரம்பூருக்கு இதான் குளிரு. இப்ப தான் தம்பி வீடியோ கால்ல பேசிட்டு வெச்சான். அமெரிக்காவுல மினசோட்டா மாநிலம், மினியாபொலிஸ் பக்கத்துல இருக்கான். அங்க நேத்து ராத்திரி எட்டு மணி, மைனஸ் 25 டிகிரி. அவன் வீட்டுப் பின்னாடியும் திராட்சைக் கொடி இருக்கு, பன்னெண்டு கொடி. ஒயினுக்குன்னே வளர்க்கறான்.

இன்னிக்கு நான் கவாத்து பண்றேன், அதாவது கிளைய அளவா வெட்டி விடறேன். அவன் மார்ச் கடைசி வரைக்கும் கத்திரியத் தொடவே மாட்டேங்கறான். ரெண்டுமே சரி தான். அது எப்படின்னு புரிஞ்சிடுச்சுன்னா திராட்சைக் கொடிய எங்க வெச்சாலும் காய்க்க வெச்சிடலாம். அத சொல்லத் தான் இந்த வீடியோ.

மொதல்ல என் கொடி. இது பன்னீர் திராட்சை. நாத்தனார் ஊரு சுருளிப்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கு. அங்கேர்ந்து பென்சில் கனத்துல நாலு கணு இருக்கற குச்சி கொண்டாந்து கீழ வாசல் ஓரமா இருந்த மண்ணுல வெச்சேன். அது செவுத்தோரமா ஏறி மாடி வரைக்கும் வந்துடுச்சு. மூணு வருஷம் வெறும் இலை. பந்தலே தெரியாத அளவுக்கு இலை, ஒரு கொத்து பூ கெடையாது. சாணி போட்டேன், புண்ணாக்கு கரைச்சு ஊத்துனேன், இன்னும் தான் இலை வந்துது. ரொம்ப மனசு ஒடிஞ்சு போயிட்டேன். அப்புறம் நாத்தனாரோட மாமனார் வந்திருந்தாரு, நாப்பது வருஷமா திராட்சை போடறவரு. மாடிக்கு வந்து அண்ணாந்து பாத்துட்டு, "ஏம்மா, இத ஒரு தடவையாச்சும் வெட்டுனியா?"ன்னாரு. நான் வெட்டல. நல்லா வளர்ற கொடிய வெட்ட யாருக்கு மனசு வரும் சொல்லுங்க.

விஷயம் என்னன்னா, திராட்சை குளிர் தெரிஞ்ச செடி. குளிர்காலத்துல இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்கும், வெயில் வந்தா முழிச்சிக்கும், முழிச்சிக்கும்போது பூங்கொத்தோட முழிச்சிக்கும். நம்ம ஊர்ல அதுக்குத் தூங்கவே நேரம் கெடையாது. வருஷம் முழுக்கப் பச்சையாவே இருக்கும், நுனியில மட்டும் வளந்துகிட்டே போவும். அந்த நுனி இருக்கற வரைக்கும் கீழ இருக்கற மொட்டெல்லாம் கண்ண தொறக்காது, நுனி அதுங்கள அமுக்கி வெச்சிருக்கும். நுனிய வெட்டுனா தான் கீழ இருக்கறது முழிக்கும். குளிர் செய்யற வேலைய நம்ம ஊர்ல கத்திரி செய்யணும்.

கேமராவ கிட்ட கொண்டாரேன், பாருங்க. இது போன பருவத்துல வளந்த கிளை. பட்டை பழுப்பாயிடுச்சு, வளைச்சா லேசா சத்தம் வருது. இது தான் வெட்டற பதம். இன்னும் பச்சையா இருந்தா விட்டுடுங்க. அடியிலேர்ந்து எண்ணுங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலாவது மொட்டுக்கு மேல அர இஞ்சு விட்டு, சாய்வா ஒரே வெட்டு. பன்னீருக்கு நாலு மொட்டு. சோனியான கிளையா இருந்தா ஒண்ணு ரெண்டு மொட்டோட வெட்டிடுங்க, அதுல காய் எதிர்பாக்காதீங்க, அடுத்த தடவைக்குக் கிளை நல்லா வரட்டும்.

இந்தாண்ட பாருங்க, இது நேத்து சாயந்தரம் வெட்டுனது. வெட்டுன வாய்ல சொட்டு நிக்குது தெரியுதா? கண்ணீர் மாதிரி தெளிவா இருக்கு. மொதல் தடவ பாத்தப்ப பயந்துட்டேன், கொடி செத்துடுமோன்னு துணி வெச்சுக் கட்டுனேன். அது ஒண்ணும் ஆவாது. வேரு தண்ணிய மேல தள்ளுதுன்னு அர்த்தம். தம்பி கொடியிலயும் இதே தான் வரும், ஆனா ஏப்ரல்ல, பனியெல்லாம் கரைஞ்சப்புறம்.

கவாத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே தண்ணிய நிறுத்திடணும். அப்புறம் நம்ம வடசென்னைக்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். போர் தண்ணி உப்பா இருந்தா திராட்சைக்கு வேணாம். ரெண்டாவது வருஷம் என் கொடியில இலை ஓரமெல்லாம் தீஞ்ச மாதிரி ஆயிடுச்சு, நோய்னு நெனச்சு மருந்து அடிச்சேன். உப்பு தான் காரணம். மெட்ரோ தண்ணிக்கு மாறுனப்புறம் புது இலை சுத்தமா வந்துது.

இப்ப தம்பி கதைக்கு வரேன், அது தான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி.

அவன் வெச்சிருக்கறது மார்க்கெட், ஃப்ரோன்டெனாக்னு ரெண்டு ரகம். மார்க்கெட்னா நம்ம சந்தை இல்ல, ரகத்தோட பேரு. மினசோட்டா பல்கலைக்கழகம் ஃப்ரோன்டெனாக்க 1996லயும் மார்க்கெட்ட 2006லயும் வெளிய விட்டாங்க. ஐரோப்பாவோட ஒயின் திராட்சை எல்லாம் மைனஸ் 20, 25லயே மொட்டு கருகிடும். ஆனா அந்த ஊர் ஆத்தோரத்துல தானா படர்ற காட்டுத் திராட்சை ஒண்ணு இருக்கு, பழம் சின்னது, புளிப்பு தாங்காது, குளிர மட்டும் அசால்டா தாங்கும். அதையும் நல்ல ஒயின் திராட்சையையும் தலைமுறை தலைமுறையா இனக்கலப்பு பண்ணி வந்த ரகங்க இதெல்லாம். இந்த வேலைக்கு வழி காட்டுனவங்கள்ல எல்மர் ஸ்வென்சன்னு ஒருத்தரு, பக்கத்து மாநிலம் விஸ்கான்சின்ல பால் மாடு வெச்சிருந்த விவசாயி. 1943லேர்ந்து தன் சொந்த நிலத்துலயே திராட்சைய இனக்கலப்பு பண்ணிப் பாத்துகிட்டே இருந்தாரு. மாட்ட கறந்துட்டு வந்து மகரந்தம் தடவிகிட்டு இருந்த மனுஷன். 2004ல தான் காலமானாரு. இந்த மாதிரி ஆளுங்கள நெனச்சா எனக்குக் கண்ணு கலங்கிடும்.

காலைல தம்பி ஒண்ணு காட்டுனான். முழங்கால் பனியில போயி ஒரு குச்சிய வெட்டி வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கான். பிளேடு எடுத்து மொட்டக் குறுக்கால சீவுனான். "அக்கா, உள்ள பாரு, பச்சையா தெரியுதா?"ன்னான். ஒரு மொட்டுக்குள்ள மூணு மொட்டு இருக்கு மக்களே! நடுவுல பெருசு, ரெண்டு பக்கமும் சின்னது. பச்சையா இருந்தா உயிரோட இருக்கு, பழுப்பா இருந்தா குளிர்ல செத்துடுச்சு. நடுமொட்டு போயிட்டா பக்கத்து மொட்டு எழுந்து வரும், காய் கொஞ்சம் கம்மியா தரும். பத்து மொட்டு சீவுனான், எட்டு பச்சை. அத வெச்சுத் தான் மார்ச்ல எத்தன மொட்டு விடணும்னு முடிவு பண்ணுவான். நெறைய செத்திருந்தா நெறைய விட்டு வெட்டுவான்.

அவனுக்குக் கடுங்குளிர விட பெரிய எதிரி மே மாசப் பனி. இந்த ரகங்களுக்குக் காட்டு ரத்தம் இருக்கறதால லேசா சூடு வந்தாலே முழிச்சிக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி அப்படித் தான் விரல் நீளத்துக்குத் துளிர் வந்தப்புறம் ஒரே ராத்திரி உறைபனி. காலைல பாத்தா வேகவெச்ச கீரை மாதிரி தொங்குது. போன்ல அவன் குரலே மாறிப் போயிருந்துது. அந்த வருஷம் பக்கத்து மொட்டுல வந்த காய் தான்.

அதுலேர்ந்து என்ன பண்றான்னா, மார்ச்ல வெட்டும்போது கிளைய நீளமாவே விட்டுடறான். சூடு வந்ததும் நுனி மொட்டு தான் மொதல்ல தொறக்கும். தொறந்த நுனி கீழ இருக்கறத அமுக்கி வெச்சிருக்கும். அடி மொட்டு இன்னும் தூங்கிகிட்டு இருக்கும்போது நுனிய வெட்டிடறான். அடி மொட்டு ஒரு வாரம் பத்து நாள் லேட்டா முழிக்கும், அதுக்குள்ள பனி பயம் கொறைஞ்சிடும். பாத்தீங்களா, நான் முழிக்கறதுக்காக வெட்டறேன், அவன் தூக்கத்த நீட்டறதுக்காக வெட்டாம வெச்சிருக்கான். கத்திரி ஒண்ணு தான், நுனி மொட்டோட அதிகாரம் தான் ரெண்டு இடத்துலயும் வேலை செய்யுது.

பழத்துலயும் வித்தியாசம் இருக்கு. நம்ம ஊர்ல ராத்திரியும் சூடு. அந்தச் சூட்டுல பழத்தோட புளிப்பு கரைஞ்சிடும், நெறமும் சரியா ஏறாது. என் கொத்துல பாதி கருநீலம், பாதி செவப்பு, நடுவுல நாலு பச்சை. ருசி தித்திப்பு தான், வாசனை பன்னீர் தான், ஆனா நாக்குல ஒரு எடுப்பு இருக்காது. இந்தப் பன்னீரோட உலகப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்துல வெளிய வெச்சா பழுக்காதுன்னு கண்ணாடி வீடு கட்டி உள்ள வளர்த்த கொடி. இப்ப கம்பத்துல திறந்த வெயில்ல விளையுது, 2023ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு.

தம்பி பழம் நேர்மாறு. இனிப்பும் நெறைய, புளிப்பும் நெறைய. போன செப்டம்பர்ல அம்பது கிலோ பறிச்சான், ஒயின் முப்பது லிட்டர் சொச்சம் வந்துது. அந்தப் புளிப்ப எப்படி அடக்கறான்னு கேளுங்க. நாம ரசத்துக்குக் கரைக்கற புளி இருக்கே, அதுல இருக்கற டார்டாரிக் அமிலம் தான் திராட்சையிலயும். கூட ஆப்பிள் புளிப்பு ஒண்ணு இருக்கு, மாலிக் அமிலம். நொதிச்சு முடிஞ்சதும் ஒரு பாக்டீரியா விடறான், அது ஆப்பிள் புளிப்ப தயிர்ல இருக்கற லாக்டிக் அமிலமா மாத்திடும், நாக்குக்கு மெதுவாயிடும். அதுக்கு வீட்டுக்குள்ள கதகதப்புல வெக்கணும். அப்புறம் நவம்பர் கடைசியில கண்ணாடி ஜாடிய கராஜ்ல ஜீரோ டிகிரிக்குக் கிட்ட ரெண்டு மூணு வாரம் வெக்கறான். புளியோட புளிப்பு கல்கண்டுப் பொடி மாதிரி அடியில படிஞ்சிடுது. ஜனவரி குளிருக்கு முன்னாடி உள்ள எடுத்துடணும், இல்லன்னா உறைஞ்சு ஜாடியே வெடிச்சிடும். அந்தப் பொடிய வெளிச்சத்துல புடிச்சு காட்டுனான், மினுமினுன்னு அவ்ளோ அழகு.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். அங்க வீட்டு உபயோகத்துக்கு ஒயின் போட சட்டமே இடம் குடுக்குது, ரெண்டு பெரியவங்க இருக்கற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும். தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம போட்டா மதுவிலக்குச் சட்டத்துல குத்தம். இந்தத் தெருவுல கிறிஸ்துமஸ் ஒயின் பத்தி அழகழகான கதை சொல்ற ஆன்ட்டிங்க இருக்காங்க, கேக்க ஆசையா இருக்கும். ஆனா என் பழம் ஜூஸுக்கும் பேரப்புள்ளைங்களுக்கும் தான்.

சரி, இன்னும் ஆறு கிளை பாக்கி இருக்கு. வெட்டி முடிச்சதும் ஒரு சதவீத போர்டோ கலவை அடிக்கணும், அது பூஞ்சை நோய்க்கான மருந்து. ஒரு லிட்டர் தண்ணிக்கு மயில் துத்தம் 10 கிராம், சுண்ணாம்பு 10 கிராம், பிளாஸ்டிக் வாளியில தனித்தனியா கரைச்சு சேக்கணும். பளபளன்னு தேச்ச கத்திய அதுல முக்கிப் பாருங்க, செம்பு நெறம் ஒட்டுச்சுன்னா இன்னும் சுண்ணாம்பு போடுங்க. ரெண்டு வாரத்துக்குள்ள மொட்டு உடையும். மூணாவது நாலாவது இலைக்கு எதிர்ல குட்டி பச்சைக் கொத்து எட்டிப் பாக்கும், அத கிட்ட புடிச்சு உங்களுக்குக் காட்டறேன். பழம் ஏப்ரல், மே மாசம். இப்ப கீழ போயி தண்ணி தொறந்து விடறேன், ஒரு வாரமா காஞ்சு கெடக்குது வேரு.