மலிவான ரயில் கட்டணம்: மீதிப் பணம் எங்கிருந்து வரும்?

அவைக்கு வணக்கம்.

ரயில் கட்டணத்தைக் குறைக்கிறோம் என்று அறிவிக்க ஒரு நாள் போதும். குறைத்த பணத்தை யார் தருவார், எந்த வரியிலிருந்து தருவார், எந்தத் தேதிக்குள் தருவார் என்று எழுதி முடிப்பது மாதக்கணக்கில் இழுக்கும். முதல் வேலைக்குக் கைதட்டல் உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. அந்தக் கைதட்டல் இல்லாத வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு தடத்தில் நாளுக்கு 1,000 பேர், டிக்கெட் 10. எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். வரவு 10,000. கட்டணத்தை 20 விழுக்காடு குறைத்து 8 ஆக்குகிறோம். கூட்டம் எவ்வளவு கூடும்? இத்துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் தோராயம் ஒன்று உண்டு: கட்டணம் 10 விழுக்காடு மாறினால் பயணிகள் எண்ணிக்கை எதிர்த்திசையில் 3 விழுக்காடு மாறும். அப்படியானால் 1,060 பேர், வரவு 8,480. துண்டு விழுவது 1,520. சில ஆண்டுகள் போனால் ரயிலை நம்பி வீடு பார்ப்பவர்களும் வேலை தேடுபவர்களும் கூடுவார்கள். விளைவு இரட்டிப்பானது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1,120 பேர், வரவு 8,960. அப்போதும் 1,040 குறைகிறது. ஆகவே, “விலையைக் குறைத்தால் கூட்டம் வந்து ஈடுகட்டிவிடும்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பொதுப் பணம் இல்லாமல் மலிவுக் கட்டணம் நிற்காது. அந்தப் பணத்தைப் போடுவது சரியா என்றால், சரி என்பதுதான் என் கட்சி. சாலை போடும் செலவை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லை.

ஆனால் எந்த நேரத்துப் பயணத்தை மலிவாக்குகிறோம் என்பதைப் பொறுத்துச் செலவு ஏறும், இறங்கும். பகல் 12 மணிக்குப் பாதி காலியாக ஓடும் ரயிலில் இன்னும் 100 பேர் ஏறினால் செலவு அநேகமாகக் கூடாது. காலை 8 மணிக்கு அதே 100 பேர் வந்தால் கூடுதல் பெட்டி வேண்டும், சில இடங்களில் நடைமேடையை நீட்டவேண்டும். அந்தப் பெட்டி காலையும் மாலையும் ஒவ்வொரு நடை ஓடிவிட்டு மீதி நேரம் பணிமனையில் நிற்கும். அதன் முதலீடும் பராமரிப்பும் அந்த இரண்டு நடையின் தலையில்தான் விழும். போதாததற்கு, கட்டண மாற்றத்துக்கு அசைந்து கொடுப்பவர்கள் நெரிசல் இல்லாத நேரத்துப் பயணிகள்தான். வேலைக்குப் போகிறவர் எந்த விலையிலும் போயாகவேண்டும். ஆகவே பகல் நேரத் தள்ளுபடி குறைந்த மானியத்தில் கூடுதல் பயணிகளைக் கொண்டுவரும். அதிகாலைத் துப்புரவுப் பணிக்குப் போகிறவருக்கு அதனால் பயனில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவருக்கு வேறு வழி வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வியன்னாவில் 2012 மே மாதம் ஆண்டுப் பாஸை 365 யூரோ ஆக்கினார்கள். நாளுக்கு ஒரு யூரோ என்ற வாசகம் உலகம் சுற்றியது. அதே ஆண்டு செய்த இன்னொரு வேலையைப் பலர் பேசுவதில்லை. நகரில் ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனங்கள் 1970 முதலே மெட்ரோவுக்காக ஒரு தீர்வை கட்டிவருகின்றன. அதை ஓர் ஊழியருக்கு வாரம் 2 யூரோ என்று உயர்த்தினார்கள். கட்டண வாகன நிறுத்தப் பகுதிகளையும் விரித்தார்கள். பாஸின் மலிவு இந்த ஏற்பாடுகளின் மேல் நின்றது. தவறு எங்கே நடந்தது? 365 என்ற எண்ணின் அழகில் மயங்கி, விலைவாசி ஏற ஏற அதைத் தொடாமலே வைத்திருந்தார்கள். 2026 தொடக்கத்தில் ஒரே தாவலில் 467 ஆயிற்று, 28 விழுக்காடு உயர்வு. ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு ஏற்றியிருந்தால் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு யாரும் கவனிக்காமலே வந்திருக்கலாம்.

ஜெர்மனியின் கதை வேறு. 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்கள். சுமார் 5.2 கோடி டிக்கெட் விற்றது. இழப்பை ஈடுசெய்ய மத்திய அரசு 250 கோடி யூரோ தந்தது. பெட்டிகளோ ஓட்டுநர்களோ மூன்று மாதத்தில் முளைக்கமாட்டார்கள். கடலோரத் தடங்களில் வார இறுதியில் கதவு மூட முடியாத நெரிசல். ஆட்கள் ஏறி இறங்கவே நேரம் போய், ஒரு நிலையத்தின் தாமதம் அடுத்த நிலையங்களுக்கும் பரவியது. அடுத்த ஆண்டு மே மாதம் 49 யூரோ டிக்கெட் வந்தது. மத்திய அரசு 150 கோடி, மாநிலங்கள் 150 கோடி என்று ஆண்டுக்கான பங்கைப் பிரித்தார்கள். செலவு அதற்கு மேல் போனால் யார் தருவது? அந்த இடத்தில்தான் சண்டை. ஆண்டுதோறும் இழுபறி, டிக்கெட் 2025இல் 58, 2026இல் 63. பயணிக்கு விலையைவிட நிச்சயமின்மைதான் பெரிய தொல்லை: அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத டிக்கெட்டை நம்பி யார் காரை விற்பார்?

லண்டனில் 1981இல் நகர மன்றம் கட்டணத்தைச் சராசரி 32 விழுக்காடு குறைத்து, செலவைச் சொத்து வரியில் ஏற்றியது. ஒரு புறநகர் மன்றம் வழக்குப் போட்டது. நகர மன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு. அடுத்த மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கு. முதலில் சட்டத்தைப் பார்க்கவேண்டும், பிறகுதான் கட்டணப் பலகையை மாற்றவேண்டும்.

இப்போது அந்தத் துப்புரவுப் பணியாளருக்கு வருவோம். மாதப் பாஸ் மலிவுதான். ஆனால் மாதத் தொடக்கத்தில் மொத்தப் பணம் கையில் இருப்பவருக்குத்தான் மலிவு. இல்லாதவர் தினமும் தனி டிக்கெட் வாங்கி அதிகம் கட்டுகிறார். மருந்து, உச்சவரம்பு: அட்டையைத் தொட்டு ஏறிக்கொண்டே போகலாம், ஒரு தொகையைத் தாண்டியதும் இயந்திரம் பணம் எடுப்பதை நிறுத்திவிடும். லண்டனில் 2005 முதல் நாளுக்கு இப்படி வரம்பு வைத்தார்கள். நாள் வரம்போடு வார, மாத வரம்பும் வேண்டும். இறங்கும்போது அட்டையைத் தொட மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடிபடும் என்பதால், அதைத் திருத்தித்தர நிலையத்திலேயே ஓர் ஆள் வேண்டும். பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறும்போது அடிப்படைக் கட்டணத்தை மறுபடி பிடிப்பதையும் நிறுத்துங்கள். ஊர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்தான் இரண்டு, மூன்று வண்டி மாறுகிறார்.

இலவசமாக்கினால்? லக்சம்பர்க் 2020 மார்ச் முதல் அப்படித்தான் ஓட்டுகிறது. அதற்கு முன் அங்கே டிக்கெட் வரவு ஆண்டுக்கு நான்கு கோடி யூரோ சொச்சம், செலவு சுமார் 50 கோடி. ஏற்கெனவே பெரும்பகுதியை அரசு ஏற்றிருந்த இடத்தில் மீதியை விடுவது எளிது. செலவில் பாதி டிக்கெட்டில் வரும் ஊரில் அதே முடிவு எடுத்தால், நடைகளைக் குறைத்துத்தான் ஈடுகட்டுவார்கள். முன்பதிவு உள்ள ரயிலில் இன்னொரு சிக்கல். 2022 செப்டம்பர் முதல் ஸ்பெயினில் அடிக்கடி போகிறவருக்கு இலவசப் பாஸ் தந்தபோது, நடுத்தூர ரயில்களில் இடம் பிடித்துவிட்டு வராமல் போனவர்கள் ஏராளம். ரயில் நிரம்பிவிட்டதாகக் கணினி சொல்லும், உள்ளே காலி இருக்கை. பிறகு, ரத்து செய்யாமல் வராதவர்கள் மேல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

கடைசியாக ஒப்பந்தம். ரயில் சேவையை நடத்தும் நிறுவனத்துக்கு ஆண்டு முடிவில் “எவ்வளவு நஷ்டமோ அவ்வளவு” என்று தருவது மோசமான முறை. சிக்கனமாக நடத்த அதற்குக் காரணமே இருக்காது. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு, ரத்தான ரயிலுக்குப் பிடித்தம், டிக்கெட் வரவு முழுதும் அரசுக்கு என்று எழுதினால், கட்டணத்தை எத்தனை முறை மாற்றினாலும் ஈட்டுத்தொகைத் தகராறு வராது. வரவை அந்த நிறுவனமே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தமானால், எந்த ஆண்டின் வரவோடு ஒப்பிட்டு இழப்பைக் கணக்கிடுவது என்பதை அறிவிப்புக்கு முன்பே எழுதவேண்டும். எரிபொருள், மின்சாரம், சம்பளம் மூன்றுக்கும் ஏற்ற இறக்கத்தை அளக்கும் தனித்தனிக் குறியீடு வைத்துத் தொகையைத் திருத்தவேண்டும். பொதுவான விலைவாசிக் குறியீடு மின்கட்டணத் தாவலைப் பிடிக்காது. பணத்தை ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும் முன்பணமாகத் தந்துவிட்டு, தணிக்கை முடிந்ததும் கூடுதல் குறைவை நேர்செய்யலாம். தாமதித்தால் வட்டி என்று ஒரு வரியும் இருக்கட்டும். அந்த வரி இல்லாத இடங்களில் முதலில் தள்ளிப்போவது பெட்டிகளின் பழுதுபார்ப்புதான்.