நம்ம ஆளுங்களா?

(சிங்கப்பூரில் சமூக மன்றம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சாதியையும் மூடநம்பிக்கையையும் எதிர்த்துப் பெரியார் நடத்திய சுயமரியாதை இயக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு போட்டோவிலிருந்து தொடங்குகிறேன். என் தாத்தா பாட்டியின் கல்யாணப் போட்டோ, 1950களில் செம்பவாங்கில் எடுத்தது. தாத்தா அங்கே கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். படத்தில் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, ஒரு தண்ணீர்க் கூஜா. இருவர் கழுத்திலும் மாலை. ஓமகுண்டம் இல்லை, ஐயர் இல்லை. சங்கத்துப் பெரியவர் ஒருவர் கையில் காகிதத்தோடு நிற்கிறார். மணமக்கள் சொல்ல வேண்டிய உறுதிமொழி அது.

பாட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும். அது யாருக்கு என்று சின்ன வயதில் கேட்டேன். "என் அண்ணன் நிக்க வேண்டிய இடம். மாப்பிள்ளை வேற ஆளுங்கன்னு வரலை" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். போகவில்லை. டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்த வேட்டியோடு அதுவும் வந்து இறங்கியது. அதைத் துரத்திக்கொண்டு வந்ததுதான் இந்த இயக்கம். 1925-இல் பெரியாரின் 'குடி அரசு' இதழ் தொடங்கியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் நாகம்மையாரோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரிலும் பேசினார். மறுபடி 1954 கடைசியில் பர்மா போனவர், அப்படியே இந்தப் பக்கமும் வந்தார்.

செங்கல்பட்டு மாநாட்டுத் தீர்மானங்களை மாணவர்கள் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு என்று 1929-இலேயே கேட்டார்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடுங்கள் என்றார்கள். மாநாட்டுத் தலைவர் சௌந்தரபாண்டியனே தம் பெயரிலிருந்த பட்டத்தை எடுத்துவிட்டார். இது சின்ன விஷயமில்லை. பட்டம் என்பது ஓர் ஆள் தெருவில் நடந்து வரும்போதே அவருக்கு எழுந்து நிற்பதா, அவரை எட்டி நிற்கச் சொல்வதா என்று ஊருக்கு அறிவிக்கிற பலகை. அந்தப் பலகையைக் கழற்றச் சொன்னார்கள்.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர், அப்புறம் எஸ்/ஓ அல்லது டி/ஓ, அப்புறம் அப்பா பெயர். அப்பா பெயரைச் சேர்ப்பது பழைய வழக்கம்தான். ஆனால் அந்த இரண்டு பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் இத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருப்பதில் அந்த மாநாட்டுக்குப் பங்கு உண்டு.

சிங்கப்பூரில் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கினார். திருவாரூரிலிருந்து 1924-இல் வந்தவர். சாதி வேண்டாம் என்று எழுதியதோடு நிற்கவில்லை. ஒரு சீனப் பெண்மணியை மணந்து குடும்பம் நடத்தினார். 1952-இல் தமிழர் திருநாள் தொடங்க முன்னின்றவரும் அவர்தான். எனக்கு மிகவும் பிடித்த செயல் அது. கோயில் திருவிழா என்றால் யாருக்கு முதல் மரியாதை என்ற கேள்வி வந்துவிடும். பொங்கலை ஒட்டி, மதத்தைச் சேராமல் ஒரு விழா வைத்தால் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் ஒரே பாயில் உட்காரலாம். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்!

பகுத்தறிவு என்றதும் சாமி இல்லை என்று சொல்வது மட்டும்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரியார் கடவுளை மறுத்தவர், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவரும் அவர்தான். என் பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார். கல்யாணத்துக்கு ஐயர் வேண்டாம் என்று முதலில் சொன்னதும் அவர்தானாம். புரியாத மொழியில் யாரோ சொல்ல, தான் ஏன் தலையாட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இப்படி ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் தமிழ்நாட்டில் நீதிமன்றத்தில் செல்லாமல் போன காலமும் இருந்தது. அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967-இல்தான் அதற்கான சட்டம் நிறைவேறியது. முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்றது. அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1961-இல், சிங்கப்பூரில் மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டம் வந்துவிட்டது. முஸ்லிம் திருமணங்கள் நீங்கலாக, ஒருவனுக்கு ஒரே மனைவி என்றது. மந்திரம் சொன்னார்களா, அக்கினியைச் சுற்றினார்களா என்று அது கேட்கவில்லை.

சரி, இவ்வளவும் நடந்த ஊரில் இன்றைக்கு என்ன நிலைமை? சாதி பெயரில் இல்லை, அட்டையில் இல்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது வெளியே வருகிறது. "சொந்த ஊர் எது?" என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால், "எந்த ஊரு?" ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்ததும் முகம் மலரும், இல்லையென்றால் பேச்சு வானிலைக்குப் போய்விடும். இங்கேயே பிறந்த பிள்ளைக்கு, பார்த்தே இராத ஒரு தெருவை வைத்து வாழ்க்கையை முடிவு செய்கிறோம்.

போன வருஷம் என் மகளுக்கு ஒரு வரன் வந்தது. என் சித்தி போன் செய்தார். பையன் நல்லவன், ஈசூனில் வீடு, அம்மா அப்பா மரியாதையானவர்கள். எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்களான்னு விசாரிச்சியா?" என்றார்.

கேட்டவர் யார் தெரியுமா? அந்தப் போட்டோவில் மாலையோடு நிற்கிற இருவரின் கடைசி மகள்.

எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. அன்று சாயங்காலமே போட்டோவை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். பேசவில்லை, மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காலி இடத்தில் விரலை வைத்தார். "மாமா கடைசி வரைக்கும் வரவே இல்லைடா" என்றார்.

போட்டோவை இன்றும் கொண்டு வந்திருக்கிறேன். அதோ, அந்த மேசையில் இருக்கிறது. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். வணக்கம்.