காலிக் கப் சொன்ன கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

உணவு ஆலோசனைக்காக என்னிடம் வரும் ஓர் அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சுகர். "காபிக்குக்கூடச் சீனி போடறதில்லைங்க. ராத்திரி ரெண்டு சப்பாத்தி, கொஞ்சம் தயிர், அவ்வளவுதான். அப்படியும் ஏறுதே!" என்று குறைப்பட்டுக்கொண்டார். என்ன தயிர் என்று கேட்டேன். அடுத்த முறை வரும்போது, கழுவித் துடைத்த ஒரு காலிக் கப்பைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ஸ்ட்ராபெர்ரி படம் போட்ட யோகர்ட். 'கொழுப்பு குறைவு' என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருந்தது.

கப்பைத் திருப்பினோம். 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 14 கிராம். அதற்குக் கீழேயே, சேர்த்த சர்க்கரை 9 கிராம். ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் சீனி! காபியில் விட்டதை அந்த அம்மா தயிரில் பிடித்திருக்கிறார். ஏறியதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதுவும் கணக்கில் வரும்தானே.

அப்படியானால் மீதி 5 கிராம் எங்கிருந்து வந்தது? அது பாலிலேயே இருக்கும் லாக்டோஸ். உறை ஊற்றியதும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகின்றன. தயிரின் புளிப்பு அதுதான். தின்றது போக, 100 கிராமுக்கு 4, 5 கிராம் மிஞ்சும். சீனியே படாத வெறும் தயிரிலும் இது உண்டு, பயப்பட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது 'ஆடட் சுகர்ஸ்' என்ற வரியை. அங்கே பூஜ்யம் இருந்தால் நல்லது.

எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோங்கள். சேர்மானப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் வரும். பாலுக்கு அடுத்தே சர்க்கரை என்றால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். தேன், வெல்லம், குளுக்கோஸ் சிரப் என்று பெயர் மாறினாலும் ரத்தத்துக்கு எல்லாம் சர்க்கரைதான். கொழுப்பை எடுத்தால் ருசி குறையும். அதை ஈடுகட்டப் பல யோகர்ட்டுகளில் சீனியைக் கூட்டிவிடுகிறார்கள்.

"கிரீக் யோகர்ட் நல்லதாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது வேறொன்றுமில்லை, நீர் வடித்த தயிர். நீரோடு கொஞ்சம் லாக்டோஸும் போய்விடும், புரதம் கூடும். வெறும் கிரீக் யோகர்ட் நல்ல தேர்வுதான். அதுவே ப்ளூபெர்ரி சுவையில் என்றால் மறுபடி கப்பைத் திருப்ப வேண்டியதுதான். செலவு செய்ய மனமில்லையா? வீட்டுத் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டிமேல் வைத்து, ஒரு ராத்திரி ஃப்ரிஜ்ஜில் விடுங்கள். காலையில் கத்தியால் வெட்டலாம் போல இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், தயிர் சாதம். 100 கிராம் சாதத்தில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தட்டு நிறையப் பிசைந்துவிட்டுத் தயிர்மேல் பழி போடக் கூடாது. சாதத்தைக் குறைத்து வெள்ளரிக்காயைத் துருவிப் போடுங்கள்.

அந்த அம்மா இப்போது வீட்டிலேயே உறை ஊற்றுகிறார். ஸ்ட்ராபெர்ரி கப்பையும் தூக்கிப் போடவில்லை. மறுநாளுக்கு உறைமோர் எடுத்து வைக்க அளவாக இருக்கிறதாம்.

வணக்கம்.